மணிக்கணக்கும் பணக்கணக்கும்: செவிலியர் ஆசிரியர்கள் வளர்வது எப்படி

நிதி நெருக்கடி வந்ததும் ஒரு செவிலியர் கல்லூரியில் முதலில் எந்தச் செலவில் கை வைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: ஆசிரியர் மேம்பாடு. ஆய்வகப் பொருள்களையோ தேர்வுச் செலவையோ குறைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். ஓர் ஆசிரியர் ஐந்தாண்டாகப் புதிதாக எதையும் கற்கவில்லை என்பது மறுநாள் தெரியாது. அது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். மாணவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். பழைய வினாத்தாள் தேதி மட்டும் மாறி மறுபடி அச்சாகும். வார்டில் கைவிட்டுப்போன ஒரு முறையை வகுப்பறை இன்னும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

வெட்டியதுபோக மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பேரை ஒரு மாநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை. யார் போவது என்பதில் ஒரு சின்ன மனக்கசப்பு. போனவர்கள் திரும்பி வந்து சான்றிதழின் நகலை அலுவலகத்தில் கொடுப்பார்கள். அங்கே கேட்டதில் பாதி பயண அலுப்பிலேயே மறந்திருக்கும். மீதிப் பாதியைப் பயன்படுத்திப் பார்க்க நினைத்தால், அடுத்த நாள் காலையிலிருந்து வார்டுப் பொறுப்பு காத்திருக்கும். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. பயிற்சியில் கேட்டதும் பார்த்ததும் வகுப்பறை வரை வந்துசேர, பக்கத்தில் நின்று கவனித்துப் பேசும் சக ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பதைப் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற கல்வியாளர்கள் 1980களிலேயே வலியுறுத்தினார்கள். அந்தச் சக ஆசிரியருக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது.

பணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற பணம் போகும் வழியைப் பார்த்தால் பற்றாக்குறை வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது. ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போனால், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 48 மணி நேரக் கற்றல். அதே கல்லூரியில் 20 ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆண்டில் 40 வாரம், ஒருவரும் அந்த நேரத்தைத் தொடக் கூடாது என்று ஒதுக்கினால் 800 மணி நேரம். இந்த 800 மணிக்குப் பயணச்செலவும் பதிவுக் கட்டணமும் இல்லை. கால அட்டவணையில் இடம்தான் வேண்டும். பல கல்லூரிகளில் பணத்தைவிடக் கிடைப்பதற்கு அரிதானது அந்த இடம்தான். நான் இங்கே சொல்ல வருவதும் அதைத்தான்.

வல்லுநர் மறுபடி புதியவராகும் இடம்

செவிலியர் ஆசிரியர்களின் வளர்ச்சியை மற்ற ஆசிரியர்களின் வளர்ச்சியோடு அப்படியே ஒப்பிட முடியாது. அவர்கள் இரண்டு தொழிலில் ஒரே நேரத்தில் கால் வைத்திருப்பவர்கள்.

ஸ்டூவர்ட் டிரைஃபஸ், ஹியூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள் 1980இல் திறன் வளரும் ஐந்து படிகளை விவரித்தார்கள். செவிலியர் கல்வியாளரான பட்ரீசியா பென்னர் 1984இல் அதைச் செவிலியர் பணிக்குப் பொருத்திக் காட்டினார். முதற்படியில் இருக்கும் புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஐந்தாம் படியில் இருக்கும் வல்லுநருக்கு விதி தேவைப்படுவதில்லை. அறைக்குள் நுழைந்ததுமே நோயாளியின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பிறகுதான் அதை உறுதிசெய்கின்றன.

இப்படிப்பட்டவரை வார்டிலிருந்து வகுப்பறைக்கு அழைத்து வருகிறோம். ஒரு மாணவர் கேட்கிறார்: "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. விதிகளை அவர் எப்போதோ கடந்து வந்துவிட்டார்; இப்போது கடந்து வந்த பாதையில் திரும்பி நடந்து ஒவ்வொரு படியையும் வார்த்தையாக்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பதில் வல்லுநரான அவர் கற்பிப்பதில் முதற்படியில் நிற்கிறார். பலரும் இதை வெளியில் சொல்வதில்லை, அது தம் குறை என்று நினைப்பதால். ஒரு வேலையில் இருந்து இன்னொரு வேலைக்கு மாறுகிற யாருக்கும் நேர்வதுதான் இது.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் செவிலியர் ஆசிரியர்களுக்கான அடிப்படைத் திறன்களை எட்டுப் பிரிவுகளாக வெளியிட்டது. வயதுவந்தோர் கற்கும் விதம், பாடத்திட்டம், செவிலியப் பணி, ஆய்வும் சான்றும், தகவல்தொடர்பும் கூட்டுச்செயல்பாடும், அறமும் சட்டமும், மதிப்பீடு, நிர்வாகமும் தலைமைப் பண்பும் என்று அது விரிகிறது. எட்டையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வோர் ஆசிரியரிடமும் கொடுத்து, "இந்த ஆண்டு எந்த இரண்டில் நீங்கள் வளர விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதற்குக் காசு எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விட்டால் கேட்டதே வீண். இரண்டு பேர் ஒரே பிரிவைத் தேர்ந்தெடுத்தால் அவர்களைச் சேர்த்துவிடுவது, ஒருவர் பலவீனம் என்று எழுதியது இன்னொருவரின் பலமாக இருந்தால் அவர்களை உட்கார்ந்து பேசவைப்பது, இவைதான் அந்தத் தாளின் பயன்.

பக்கத்து வகுப்பறை

ஒரு கல்லூரியில் பத்தாண்டு ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அறுவைச் சிகிச்சை அரங்கில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள்; கற்பிப்பது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது.

சக ஆசிரியர் வந்து கவனிப்பது எளிய ஏற்பாடு. அது கெட்டுப்போவதும் எளிது. கவனித்தவரின் குறிப்பு முதல்வரின் மேசைக்குப் போகிறது என்று ஒரு தடவை தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு எல்லாரும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே முதல் விதி, எழுதிய குறிப்பு வகுப்பெடுத்தவருக்கே சொந்தம். அடுத்தது, எதைக் கவனிக்க வேண்டும் என்று வகுப்பெடுப்பவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "என் வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதில்தான் வரும். "கேள்வி கேட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று பாருங்கள்" என்று கேட்டால் பேச ஏதாவது கிடைக்கும்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வை நான் பலரிடம் சொல்வதுண்டு. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாமே சொல்லிவிடுவார்கள், அல்லது அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. மௌனமும் "தெரியாது" என்பதும் குறைந்தன. மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கூடுதலாகத் தேவைப்பட்டது இரண்டு விநாடி. நோயாளியின் படுக்கையருகே, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பயந்து நிற்கும் மாணவருக்கு அந்த இரண்டு விநாடி பெரிய விஷயம். தாம் காத்திருப்பதில்லை என்பது எந்த ஆசிரியருக்கும் தானாகத் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

கைப்பேசியில் பத்து நிமிட வகுப்பைப் பதிவுசெய்து தாமே பார்ப்பதும் இதைப் போன்றதுதான். ஆனால் வார்டில் அது கூடாது; நோயாளியின் அந்தரங்கம் யாருடைய பயிற்சியையும்விடப் பெரியது.

வினாத்தாளைப் பிரித்துப் போடுவது

குறைந்த செலவில் அதிகம் கற்றுத்தரும் ஒரே ஒரு வழியைச் சொல் என்றால், நடந்து முடிந்த தேர்வின் வினாக்களைக் கூட்டாக ஆராய்வதைத்தான் சொல்வேன். கேட்கச் சலிப்பாக இருக்கும். உட்கார்ந்து செய்து பார்த்தால் சண்டையே வரும், நல்ல சண்டை.

தேவைப்படுவது விடைத்தாள்களும் சாதாரண அட்டவணை மென்பொருளும் மட்டும். 60 பேர் எழுதிய பல்தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாவுக்கு 36 பேர் சரியான விடை அளித்திருந்தால் அதன் எளிமை அளவு 0.6. இது பலருக்கும் தெரியும். அடுத்ததுதான் சுவையானது. மொத்த மதிப்பெண்படி மாணவர்களை வரிசைப்படுத்தி, மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். இந்த 27ஐப் பரிந்துரைத்தவர் ட்ரூமன் கெல்லி, 1939இல். 60 பேரில் அது 16 பேர். மேல்வரிசையில் 14 பேரும் கீழ்வரிசையில் 6 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான எட்டைப் பதினாறால் வகுக்க 0.5 வரும். நன்கு படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக்காட்டும் நல்ல வினா அது. 0.3க்கு மேல் இருந்தால் ஏற்கலாம், 0.2க்குக் கீழே போனால் சந்தேகிக்கலாம் என்பது பொதுவான வழக்கம். சிறிய வகுப்பில் இந்த எண்கள் எளிதில் ஆடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது இன்னொரு வினா. மேல்வரிசையில் 5 பேர், கீழ்வரிசையில் 9 பேர் சரி. கணக்கிட்டால் மைனஸ் 0.25. நன்றாகப் படித்தவர்களே அதிகம் தவறியிருக்கிறார்கள்! வினா இப்படி: திடீரென மூச்சுத் திணறும் நோயாளிக்குச் செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? விடைக் குறிப்பில் இருப்பது மருத்துவரை அழைப்பது. நன்கு படித்தவர்கள் தேர்ந்தெடுத்தது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைப்பது. மேசையைச் சுற்றிப் பேச்சு தொடங்குகிறது. "முதலில்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்கிறார். வார்டில் நாம் நிமிர்த்தி உட்காரவைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறோம், வகுப்பில் வேறு சொல்கிறோமா என்று இன்னொருவர் கேட்கிறார். வினாவை எழுதியவர் முதலில் தற்காத்துப் பேசிவிட்டு, பிறகு தாம் எழுதியதைத் தாமே மறுபடி படிக்கிறார்.

அந்த அரை மணியில் மதிப்பீடும் பாடத்திட்டமும் செவிலியப் பணியும் தாமாகவே மேசைக்கு வந்துவிடுகின்றன. எட்டுப் பிரிவுகளில் மூன்று. இதைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒருவரும் வர வேண்டியதில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு தடவை செய்தாலே வினாத்தாளின் தரம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். சரிபார்த்த வினாக்களைச் சேர்த்துவைத்தால் அது கல்லூரியின் சொத்து, ஆசிரியர் மாறினாலும் இருக்கும்.

பொம்மைக்குச் செலவழிப்பதா, ஆளுக்கா

பணம் கொஞ்சம் கையில் வந்ததும் கல்லூரிகள் ஆசைப்படுவது பேசும், மூச்சுவிடும், வியர்க்கும் பயிற்சிப் பொம்மைகளுக்கு. பார்வையிட வருபவர்களுக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். இந்தப் பொம்மைகளின் மூதாதை எளிமையானது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காகப் பொம்மை செய்பவரான மார்த்தா சேஸ் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். "மிசஸ் சேஸ்" என்று பெயர் பெற்ற அது பேசவில்லை, மூச்சும் விடவில்லை. படுக்கை மாற்றவும் நோயாளியைப் புரட்டிப் போடவும் பல தலைமுறைச் செவிலியர்கள் அந்த வகைப் பொம்மைகளில்தான் பழகினார்கள்.

அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பத்துக் கல்வி நிறுவனங்களில் 600க்கு மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷன் பயிற்சியாக (உண்மை நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையோ நடிப்பவரோ கொண்டு செய்யும் பயிற்சி) மாற்றினாலும் அறிவிலும் உரிமத் தேர்வு வெற்றியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது சொன்னது. "பாதி வரை" என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கூடவே சொன்ன நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடல் கோட்பாட்டு அடிப்படையில் நடக்க வேண்டும்.

கற்றலில் பெரும்பங்கு நடப்பது அந்தக் கலந்துரையாடலில்தான். பொம்மை என்ன விலையானாலும், "நீ ஏன் ஆக்சிஜனை மறந்தாய்?" என்று கேட்கும் ஆசிரியரிடம் மாணவர் சுருங்கிப் போவார். "அந்த நேரத்தில் உன் கவனம் எதில் இருந்தது?" என்று கேட்பவரிடம் வாய்திறப்பார். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்குச் சக ஆசிரியர் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொண்டாலே போதும். விலையுயர்ந்த கருவி பிரிக்கப்படாத பெட்டியோடு மூலையில் கிடப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே: கருவி வாங்கப் பணம் ஒதுக்கினார்கள், ஆசிரியர் அதைக் கற்க நேரம் ஒதுக்கவில்லை.

ஆஸ்லர் செய்த சிக்கனம்

ஜர்னல் கிளப், அதாவது ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படித்துப் பேசும் வட்டம் என்றதும், கடமைக்கு நடக்கும் ஒரு கூட்டம் நினைவுக்கு வரலாம். அதன் தொடக்கம் சிக்கனத்தில்தான். மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1875இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியபோது, தனி ஒருவரால் வாங்க முடியாத மருத்துவ இதழ்களைச் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் அதன் நோக்கமாக இருந்தது. இன்று இதழ்களின் விலை பற்றிய கவலை ஓரளவு குறைந்திருக்கிறது. பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகம் 2000ஆம் ஆண்டிலிருந்து முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தின் வழியாகக் குறைந்த வருவாய் நாடுகளின் நிறுவனங்கள் கட்டண இதழ்களை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ படிக்க முடிகிறது. தகுதியிருந்தும் பதிவுசெய்யாத கல்லூரிகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

கட்டுரை கிடைப்பது இன்று சிரமம் அல்ல. படித்ததை வார்டில் செய்வதோடு உரசிப் பார்ப்பதுதான் சிரமம். மருத்துவமனைச் செவிலியர்கள் இரண்டு பேரை அந்த வட்டத்தில் சேர்த்தால் பேச்சு தரைக்கு இறங்கும். ஆசிரியர்களின் வார்டுத் தொடர்பு விட்டுப்போகாமல் இருக்கவும் அது உதவும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு வழிகாட்டியை நியமிப்பது பல இடங்களில் உண்டு, காகிதத்தில். இங்கும் ஒரே ஒரு எச்சரிக்கை: அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் வழிகாட்டியாக இருக்கக் கூடாது. "எனக்கு இது தெரியவில்லை" என்று அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். முழுநேர ஆசிரியர்களைப் பற்றியே பேசிவிட்டுப் பகுதிநேர வார்டுப் பயிற்றுநர்களை மறந்துவிடுவதும் நடக்கிறது. மாணவர்கள் மிக அதிக நேரம் செலவிடுவது பல கல்லூரிகளில் அவர்களோடுதான். அவர்களைக் கல்லூரிக் கூட்டத்துக்கு அழைத்தால் வர முடியாது; ஷிப்ட் மாறும் நேரத்தில் மருத்துவமனையிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்தால் முடியும்.

பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கேட்கும் இடங்களில் ஆசிரியர்கள் தம் சொந்தப் பணத்தை இழப்பதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் போலி இதழ்களும், பெயரே கேள்விப்பட்டிராத "சர்வதேச" மாநாடுகளும் இந்தத் தவிப்பில்தான் பிழைக்கின்றன. அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இல் புலமையை நான்காகப் பிரித்தார். கண்டுபிடிப்பது, இணைப்பது, நடைமுறைக்குக் கொண்டுவருவது, கற்பிப்பது. கற்பித்தலைப் பற்றி முறையாக ஆராய்வதும் புலமையே என்றால், மேலே சொன்ன வினா ஆய்வைத் தகுந்த அனுமதியோடு ஒழுங்காகச் செய்து எழுதினால் அதுவே ஒரு கட்டுரை. போலி இதழ்களை அடையாளம் காண ஒரு மணி நேர வகுப்பு நடத்தினால், அந்த ஒரு மணி யாரோ ஒருவருடைய மாதச் சம்பளத்தைக் காப்பாற்றும்.

சும்மா கிடைக்காதவை

இவ்வளவையும் படித்த நிர்வாகி ஒருவர், "அப்படியானால் பணமே தேவையில்லை" என்று முடிவுகட்டினால் நான் எழுதியது தவறாகப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். ஆசிரியர்களின் மாலை நேரத்தையும் விடுமுறையையும் எடுத்துக்கொண்டு செய்தால் அதுவும் செலவே; கொடுப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். ஒதுக்கும் நேரம் வேலை நேரத்துக்குள் வர வேண்டும். அந்த நேரத்தில் வார்டில் மாணவர்களோடு யாராவது இருக்கவும் வேண்டும். அந்த மாற்று ஆளுக்கான சம்பளம்தான் என் பட்டியலில் முதல் செலவு. வெளி நிபுணரை அழைப்பது அதற்கு அடுத்தது, அதுவும் அவர் ஒரு பருவத்துக்குள் இரண்டாம் முறை வருவதாக இருந்தால். மாநாடு கடைசி. அங்கே போகிறவர் திரும்பி வந்து தம் வகுப்பில் எதையாவது மாற்றிக் காட்டுவதாகவும், சக ஆசிரியர் ஒருவர் அதைப் பார்க்க வருவதாகவும் முன்பே ஒப்புக்கொண்டால் மாநாடும் பயனுள்ள செலவே.

பலன் இருந்ததா என்று எப்படிப் பார்ப்பது? டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. பெரும்பாலான கல்லூரிகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற கட்டத்தில் ஒரு டிக், அத்தோடு சரி. மூன்றாம் நிலையைப் பார்க்கப் பணம் தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு விநாடி காத்திருந்த ஆசிரியர் பருவ முடிவில் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மறுபடி போய்ப் பார்க்கலாம். மைனஸில் இருந்த வினாக்கள் எத்தனை குறைந்தன என்று எண்ணலாம்.

கடைசியாக அந்த வாராந்தர ஒரு மணி நேரம். அதைக் கால அட்டவணையில் காலிக் கட்டமாக விட்டால் இரண்டாம் வாரமே யாரோ ஒருவருக்குத் தேர்வுக் கண்காணிப்பு வரும், மூன்றாம் வாரம் ஒருவர் விடுப்பிலிருப்பதால் அவருடைய வகுப்பு அங்கே வந்து உட்காரும். பாட எண்ணைப் போல அதற்கும் ஓர் எண் கொடுத்து, அறையின் பெயரையும் அந்த வாரம் நடத்துபவரின் பெயரையும் சேர்த்து அச்சிட்டுவிட வேண்டும்.